மவுஸ் முரண்டு பிடித்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மவுஸ் கோளாறு என்று வாய் திறந்தால் இரண்டு ஆலோசனைகள் உடனே வந்து விழும். ஒன்று, "புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்." மற்றொன்று, "விண்டோஸை ஃபார்மேட் செய்துவிடலாம்." முதலாவது பல நேரங்களில் அவசரம். இரண்டாவது ஏறக்குறைய எப்போதுமே வீண். கோளாறு மவுஸில் இருக்கிறதா, வயரிலா, மேசையிலா, கணினியிலா என்று தெரியும்வரை பணத்தையும் எடுக்க வேண்டாம், ஃபார்மேட்டும் செய்ய வேண்டாம். கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 பயன்படுத்துவோர் வழக்கமாகக் கேட்பவை.

மவுஸ் திடீரென்று நின்றுவிட்டது. முதலில் எதைப் பார்ப்பது?

விசைப்பலகையைப் பாருங்கள். கேப்ஸ் லாக் விசையை இரண்டு மூன்று முறை தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கணினி விழித்திருக்கிறது, மவுஸைச் சந்தேகிக்கலாம். விளக்கு அசையாமல் நின்றால் கணினியே உறைந்துபோயிருக்கிறது, மவுஸின் மீது பழி போடுவதில் பயனில்லை.

அடுத்து மவுஸைக் கவிழ்த்துப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் மின்சாரம் வருகிறது என்று பொருள். எரியவில்லை என்பதற்காக மவுஸ் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். இப்போதைய மவுஸ்கள் பலவற்றில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குதான் இருக்கிறது. கைப்பேசியின் முன்பக்க கேமராவை அந்தத் துளைக்கு நேராகப் பிடித்தால் பெரும்பாலும் திரையில் மங்கிய ஊதா நிறத்தில் ஒளி தெரியும்.

பிறகு வேறு யு.எஸ்.பி. துளையில் செருகுங்கள். இடையில் ஹப் (ஒரு துளையைப் பலவாக்கும் பெட்டி) இருந்தால் அதை விலக்கிவிட்டு, மேசைக் கணினியாக இருந்தால் பெட்டியின் பின்புறத் துளையில் நேரடியாகச் செருகுங்கள். முன்புறத் துளைகள் உள்ளே ஒரு தனி வயர் வழியாக மதர்போர்டுக்குப் போகின்றன. அந்த வயர் தளர்ந்துபோவது சகஜம்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் உள்ள ஒரே உறுதியான சோதனை இடமாற்றம்தான். இந்த மவுஸை வேறொரு கணினியில் போடுங்கள். வேறொரு மவுஸை இந்தக் கணினியில் போடுங்கள். மவுஸ் அங்கேயும் ஓடவில்லை என்றால் கோளாறு மவுஸில். புதிய மவுஸ் இங்கே ஓடவில்லை என்றால் துளையில் அல்லது விண்டோஸில். பக்கத்து வீட்டில் ஐந்து நிமிடம் இரவல் வாங்கினால் போதும். ஆனாலும் பத்தில் எட்டுப் பேர் இதைச் செய்யாமல்தான் கடைக்குப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மவுஸ் போய்விட்டது, திறந்து வைத்த கடிதத்தைச் சேமிக்கக்கூட முடியவில்லை. என்ன செய்வது?

முதலில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்திச் சேமித்துவிடுங்கள். மற்றவை நிதானமாக.

ஆல்ட்டும் டேபும் சேர்ந்தால் திறந்திருக்கும் செயலிகளுக்கிடையே தாவலாம். ஒரு சாளரத்துக்குள் டேப் அழுத்தினால் அடுத்த பட்டன், ஷிஃப்ட்டும் டேபும் சேர்ந்தால் முந்தைய பட்டன். இடைவெளி விசையோ என்டரோ கிளிக்குக்குச் சமம். ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்ந்தால் வலது கிளிக். ஆல்ட்டும் எஃப்4-உம் சேர்ந்தால் சாளரம் மூடும். கணினியை மறுதொடக்கம் செய்ய விண்டோஸ் விசையையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, பிறகு யு, அதன்பின் ஆர் என்று தனித்தனியாகத் தட்டினால் போதும்.

இதைவிட நல்ல வழி ஒன்று விண்டோஸுக்குள்ளேயே பல ஆண்டுகளாகக் கிடக்கிறது. பலருக்கு அதன் இருப்பே தெரியாது. இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம் லாக் மூன்றையும் ஒருசேர அழுத்துங்கள். 'மவுஸ் கீஸ்' வசதியை இயக்கலாமா என்று ஒரு பெட்டி கேட்கும், என்டர் தட்டுங்கள். இனி வலப்புற எண் விசைகளே மவுஸ். 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம்; 7, 9, 1, 3 ஆகியவை மூலைவாட்டில் நகர்த்தும். 5 தட்டினால் கிளிக். கூட்டல் குறி இரட்டை கிளிக். கழித்தல் குறியை ஒருமுறை தட்டிவிட்டு 5-ஐத் தட்டினால் வலது கிளிக். மீண்டும் சாதாரண கிளிக்குக்குத் திரும்ப வகுத்தல் குறி. எதையாவது இழுக்க வேண்டுமானால் 0 பிடித்துக்கொள்ளும், புள்ளி விட்டுவிடும். அம்புக்குறி மாட்டுவண்டி வேகத்தில்தான் போகும். ஆனால் போய்ச் சேரும். தனி எண் விசைகள் இல்லாத சிறிய லேப்டாப்பில் இது பயன்படாது. அங்கே டச்பேட் இருக்கிறது என்பதால் பெரிய நட்டமில்லை.

ஒருமுறை கிளிக் செய்தால் இரண்டு முறை விழுகிறது. கோப்பை இழுத்தால் பாதி வழியில் நழுவுகிறது. வைரஸா?

வைரஸ் இல்லை. இடது பட்டனுக்கு அடியில் இருக்கும் மைக்ரோ ஸ்விட்ச் தேய்ந்துவிட்டது. எங்கும் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வியும் இதுதான், அதிகமாகத் தவறான பதில் சொல்லப்படும் கேள்வியும் இதுதான்.

அந்த ஸ்விட்ச் ஒரு புளியங்கொட்டை அளவுள்ள கறுப்புப் பெட்டி. உள்ளே செம்புக் கலவையால் ஆன மெல்லிய தகடு ஒன்று வளைந்து விறைப்பாக நிற்கிறது. நீங்கள் பட்டனை அழுத்தும்போது தகடு 'டக்' என்று கீழே தாவி ஒரு தொடுமுனையைத் தொடுகிறது. உங்கள் காதில் விழும் கிளிக் சத்தம் அதுதான். தொட்ட உடனே தகடு அசைவற்று நின்றுவிடுவதில்லை. சில மில்லி விநாடிகளுக்கு மேலும் கீழும் அதிரும். புதிய மவுஸிலும் இந்த அதிர்வு உண்டு. மவுஸுக்குள் இருக்கும் சிப், அந்தச் சிறு இடைவெளியில் நடக்கும் விட்டுத்தொடுதலைக் கணக்கில் எடுக்காமல் ஒரே கிளிக்காக அனுப்பிவிடுகிறது.

லட்சக்கணக்கான அழுத்தங்களுக்குப் பிறகு தகட்டின் விறைப்பு குறைகிறது. தொடுமுனையில் ஆக்சைடு படிகிறது. மவுஸில் ஓடும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு என்பதால், அந்தப் படிவத்தை எரித்து நீக்கும் அளவுக்குப் பொறியும் எழுவதில்லை. இப்போது அதிர்வு, சிப் பொறுத்துக்கொள்ளும் நேரத்தைத் தாண்டிவிடுகிறது. சிப்பின் பார்வையில் நீங்கள் கையை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தியிருக்கிறீர்கள். ஆகவே ஒன்று இரண்டாகிறது. இழுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு கணம் தொடர்பு விட்டால், கோப்பு வழியில் இருக்கும் ஏதோ ஒரு கோப்புறைக்குள் விழுந்து காணாமல் போகிறது. அப்படிப் போய்விட்டால் உடனே கன்ட்ரோலும் இசட்டும் அழுத்துங்கள், திரும்பி வந்துவிடும்.

உறுதிசெய்ய இரண்டு வழிகள். ஒரு சாளரத்தின் மேல்பட்டையில் ஒரு விநாடிக்கு ஒருமுறை என்று நிதானமாகக் கிளிக் செய்யுங்கள். மேல்பட்டையில் இரட்டை கிளிக் விழுந்தால்தான் சாளரம் பெரிதாகவோ சிறிதாகவோ ஆகும். நீங்கள் ஒற்றையாகத் தட்டும்போதே அது பெரிதாகிச் சிறிதானால் ஸ்விட்ச்தான் குற்றவாளி. இரண்டாவது வழி: மவுஸ் செட்டிங்ஸில் முதன்மை பட்டனை வலது பக்கத்துக்கு மாற்றுங்கள். இப்போது வலது பட்டனால் வேலை செய்யும்போது தொல்லை இல்லை என்றால் இடது ஸ்விட்ச் தேய்ந்தது உறுதியாகிவிட்டது; விண்டோஸுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

செட்டிங்ஸில் இரட்டை கிளிக் வேகத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. அந்த அமைப்பு இரண்டு கிளிக்குகளுக்கு நடுவே அதிகபட்சம் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதைத்தான் முடிவு செய்கிறது. விண்டோஸ் தானாக வைத்திருப்பது 500 மில்லி விநாடி. நகர்த்தும் பட்டையை வேகமான பக்கத்துக்குத் தள்ளினால் 200 வரை குறையும். தேய்ந்த ஸ்விட்ச் போடும் பொய்க் கிளிக்கோ பெரும்பாலும் அதைவிட வெகு சீக்கிரத்தில் வந்து விழுந்துவிடுகிறது. மெதுவான விரல்களுக்காக வைத்த வசதி அது. முதியவர்களுக்கு இரட்டை கிளிக் செய்ய வராவிட்டால் மெதுவான பக்கம் நகர்த்திக் கொடுங்கள்; அதற்கு மிகவும் உதவும்.

அந்த ஸ்விட்சை மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் மவுஸைத் திறக்காதீர்கள். பில்லைத் தேடுங்கள். ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை உத்தரவாதம் தரும் நிறுவனங்கள் உண்டு, இந்தக் கோளாறுக்கு மாற்றித் தருவதும் உண்டு.

காலம் கடந்திருந்தால் திறக்கலாம். மேலே எங்கு தேடினாலும் திருகாணி தென்படாது. மவுஸின் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளுக்கும் ஸ்டிக்கருக்கும் கீழே ஒளிந்திருக்கும். ஸ்டிக்கரை விரலால் தடவினால் பள்ளமாக அமிழும் இடத்தில்தான் திருகாணி. பட்டையை ஒரு ஓரமாக நகத்தால் நெம்பி மெதுவாக உரியுங்கள்; மடங்கிவிட்டால் திரும்ப ஒட்டிய பிறகு மவுஸ் உரசிக்கொண்டே போகும்.

உள்ளே இடமும் வலமும் இரண்டு கறுப்புப் பெட்டிகள் நிற்கும். ஒவ்வொன்றும் மூன்று கால்களுடன் பலகையில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். பல மவுஸ்களில் இரண்டும் ஒரே வகை. வலது பட்டனை நாம் அதிகம் தொடுவதில்லை என்பதால் அந்த ஸ்விட்ச் இன்னும் இளமையாக இருக்கும். இரண்டையும் கழற்றி இடம் மாற்றிப் பொருத்தினால் ஒரு ரூபாய் உதிரிபாகச் செலவில்லாமல் இன்னும் நெடுநாள் ஓடும். வலது கிளிக் எப்போதாவது இரண்டாக விழுந்தாலும் பெரிய இழப்பில்லை. சால்டரிங் தெரியாதவர்கள் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் கொடுக்கலாம்; அவர்களுக்கு இது சிறு வேலை. புதிய ஸ்விட்ச் வேண்டுமென்றால் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் உள்ள மின்னணு உதிரிபாகக் கடைகளில், பழையதைக் கையில் எடுத்துப்போய்க் காட்டிக் கேளுங்கள். ஓம்ரான் நிறுவனத்தின் ஸ்விட்சுகள் இதற்குப் பேர்போனவை.

ஸ்விட்சுக்குள் ஒரு சொட்டு கான்டாக்ட் கிளீனர் விட்டால் சரியாவதும் உண்டு. அது தற்காலிகம்தான்.

சக்கரத்தைக் கீழே உருட்டினால் பக்கம் மேலே துள்ளுகிறது.

சக்கரத்தின் அச்சு ஒரு சிறிய சுழல் உணரியைத் திருப்புகிறது. அதற்குள் இரண்டு தொடுமுனைகள் சற்றே முன்பின்னாக மாறி மாறித் தொடும். எது முதலில் தொட்டது என்பதை வைத்துத்தான் மேலா கீழா என்று மவுஸ் அறிகிறது. தூசியோ பழைய கிரீஸோ ஒரு தொடுதலைத் தடுத்துவிட்டால் வரிசை குழம்பி, கீழே போவதை மேலே போவதாக எண்ணிவிடும்.

முதலில் சக்கரத்தின் இடுக்கில் காற்று ஊதுங்கள். கேமரா துடைக்க உதவும் ரப்பர் ஊதி போதும். வாயால் ஊதினால் எச்சில் ஈரமும் சேர்ந்து போகும். பயனில்லை என்றால் திறந்து பாருங்கள். அச்சைச் சுற்றி முடி சுருண்டிருப்பதை அடிக்கடி காணலாம். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் கேட்கவே வேண்டாம். முடியை இடுக்கியால் எடுத்துவிட்டு, உணரியின் ஓரத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு, சக்கரத்தை இரு பக்கமும் வேகமாகச் சுழற்றி, நன்றாகக் காய்ந்தபின் மூடுங்கள். கைப்பேசி பழுதுபார்ப்பவர்கள் எல்லோரிடமும் இந்தத் திரவம் இருக்கும்.

சக்கரத்தை உருட்டினால் எழுத்துகள் பெரிதாகிச் சிறிதாகின்றன என்றால் அது வேறு. கன்ட்ரோல் விசை அமுங்கிச் சிக்கிக்கொண்டிருக்கிறது. விசைப்பலகையைச் சுத்தம் செய்யுங்கள்.

வீட்டில் நன்றாக ஓடும் மவுஸ் அலுவலக மேசையில் மட்டும் தடுமாறுகிறது.

மேசையில் கண்ணாடி போட்டிருக்கிறார்களா? அதற்கடியில் சாமிப் படம், காலண்டர் அட்டை, தொலைபேசி எண்கள் எழுதிய தாள் எல்லாம் இருக்கிறதா? அப்படியானால் மவுஸ் நிரபராதி.

மவுஸின் அடியில் இருப்பது மிகச் சிறிய கேமரா. விளக்கு சாய்வாக விழுந்து பரப்பின் மேடுபள்ளங்களை வெளிச்சமும் நிழலுமாகக் காட்ட, கேமரா விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடப்பெயர்ச்சியை ஒப்பிட்டு நகர்வைக் கணக்கிடுகிறது. வழவழப்பான கண்ணாடியில் அதற்குப் பிடிமானம் எதுவும் தெரிவதில்லை. பளபளக்கும் கிரானைட், மேசைமேல் விரித்த தெளிவான பிளாஸ்டிக் தாள் எல்லாம் இதே கதைதான். வெள்ளைத் தாள் ஒன்றை மடித்து அடியில் வைத்துப் பாருங்கள். அம்புக்குறி ஒழுங்காக ஓடினால் மவுஸ் பேட் ஒன்று வாங்கினால் முடிந்தது. கண்ணாடியிலும் ஓடக்கூடிய உணரி கொண்ட மவுஸ்களை லாஜிடெக் நிறுவனம் 2009 முதல் விற்கிறது. விலை அதிகம். கண்ணாடி மேசைக்காக அவ்வளவு கொடுப்பதைவிட பேட் வாங்குவது புத்திசாலித்தனம்.

முன்பெல்லாம் பந்தைக் கழற்றிக் கழுவுவோம். இப்போது எதைச் சுத்தம் செய்வது?

1999-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரருக்குப் பிறகு பந்து மெல்ல மெல்ல விடைபெற்றது. உள்ளே உருளைகளில் கறுப்பு வளையமாகப் படியும் அழுக்கை நகத்தால் சுரண்டியவர்களுக்கு அதில் வருத்தம் இருக்காது.

இப்போது துடைக்க வேண்டியது அடியில் உள்ள துளைக்குள் இருக்கும் லென்ஸை. ஒரே ஒரு தலைமுடியோ நூலோ அதில் மாட்டினால் போதும், அம்புக்குறி நடுங்கும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. உலர்ந்த பஞ்சுக்குச்சியால் மெதுவாகச் சுழற்றி எடுங்கள். வழுக்குப் பட்டைகளின் ஓரத்தில் சேரும் பிசுக்கையும் துடைத்தால் கைக்கு உடனே வித்தியாசம் தெரியும்.

வயர்லெஸ் மவுஸ் இடையிடையே திக்குகிறது. பேட்டரி புதிதுதான்.

எப்போது திக்குகிறது என்று கவனியுங்கள். வெளிப்புற ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ பெரிய கோப்பைப் பிரதி எடுக்கும்போதுதானா? அப்படியானால் விடை கிடைத்துவிட்டது.

யு.எஸ்.பி. டாங்கிளுடன் (கணினியில் செருகும் சிறு சிக்னல் வாங்கி) வரும் மவுஸ்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. யு.எஸ்.பி. 3.0 துளைகளில் விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தகவல் பாயும்போது எழும் மின்காந்த இரைச்சல் அதே அலைவரிசையையும் நனைக்கிறது. இதை விளக்கி இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் ஆவணம் வெளியிட்டது. எனவே நீல நிற 3.0 துளையில் ஹார்டு டிஸ்க்கைச் செருகி, அதை ஒட்டியே டாங்கிளையும் செருகினால் மவுஸின் மெல்லிய குரல் அந்த இரைச்சலில் அமுங்கிவிடுகிறது. டாங்கிளை எதிர்ப்பக்கத் துளைக்கு மாற்றுங்கள். கறுப்பு நிற 2.0 துளை இருந்தால் அதில் போடுங்கள். எல்லாவற்றையும்விட நல்லது, ஒரு சிறிய யு.எஸ்.பி. நீட்டிப்பு வயரின் முனையில் டாங்கிளைப் பொருத்தி மவுஸின் அருகே வைப்பது. மேசைக்கு அடியில் இருக்கும் இரும்புப் பெட்டியின் முதுகில் டாங்கிளைச் செருகிவிட்டு, இடையில் இரும்பு மேசையையும் வைத்துக்கொண்டு, மவுஸைத் திட்டுகிறவர்களுக்கும் இதே மருந்துதான்.

சற்று நேரம் தொடாமல் விட்டபின் முதல் அசைவுக்கு மட்டும் தாமதம் ஏற்பட்டால் அது கோளாறு அல்ல. பேட்டரியை மிச்சப்படுத்த மவுஸ் தூங்கி எழுகிறது. வயர் மவுஸும் அப்படித் தூங்கினால் டிவைஸ் மேனேஜரில் (விண்டோஸ் விசையும் எக்ஸும் அழுத்தி, எம் தட்டினால் திறக்கும்) யு.எஸ்.பி. ரூட் ஹப்பின் பண்புகளுக்குப் போய், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற தேர்வை நீக்குங்கள்.

எந்த பேட்டரி போடலாம்? பேட்டரிக் குழியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே?

சாதாரண அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட். திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் நிக்கல் வகை 1.2 வோல்ட். அதைப் போட்டால் பெரும்பாலான மவுஸ்கள் நன்றாகவே ஓடும்; பேட்டரி தீர்கிறது என்ற எச்சரிக்கை மட்டும் சீக்கிரமே வந்து பயமுறுத்தும்.

வெள்ளைப் பூப்பு, அல்கலைன் பேட்டரி கசிந்ததன் அடையாளம். உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரத்தன்மை கொண்டது; வெறுங்கையால் தொடாதீர்கள். பஞ்சுக்குச்சியை எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ தோய்த்துத் தடவினால் நுரைத்துக் கரையும். பிறகு ஈரப் பஞ்சால் துடைத்து, முழுதாக உலர்ந்தபின் புதிய பேட்டரி போடுங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் இந்த வேலையே இல்லை.

டாங்கிள் தொலைந்துவிட்டது. தனியாக வாங்க முடியுமா?

முதலில் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். அதற்கென்று அங்கே ஒரு பொந்து இருக்கும். இல்லை என்றால், விலை குறைந்த மவுஸ்களில் பெரும்பாலும் கதை முடிந்தது. அந்த மவுஸுக்கு அந்த டாங்கிள்தான் ஜோடி. லாஜிடெக்கின் யூனிஃபையிங் வகைக்குத் தனி டாங்கிள் கிடைக்கும். ஒரே டாங்கிளில் ஆறு சாதனங்கள்வரை சேர்க்கலாம். மவுஸின் அடியில் ஆரஞ்சு நிறச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள்.

யாரும் தொடாமலே அம்புக்குறி நகர்கிறது. பயமாக இருக்கிறது.

எப்படி நகர்கிறது என்பதைப் பொறுத்தது. நடுங்கினாலோ ஒரு பக்கமாக ஊர்ந்தாலோ பயப்பட ஒன்றுமில்லை. மவுஸைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். நகர்வு நின்றால் லென்ஸில் அழுக்கு அல்லது பரப்பு சரியில்லை. நிற்கவில்லை என்றால் வேறொரு சாதனம் இருக்கிறது. பையில் கிடக்கும் பழைய வயர்லெஸ் மவுஸின் டாங்கிள் இன்னும் கணினியிலேயே செருகியிருப்பது, டச்பேடில் உள்ளங்கை உரசுவது, விசைப்பலகை நடுவே சிவப்புக் குமிழ் உள்ள லேப்டாப்பில் அந்தக் குமிழ் தானாக இழுப்பது என்று காரணங்கள் பல. குமிழாக இருந்தால் சில விநாடிகள் கையை எடுத்துவிட்டாலே தானாகச் சரிசெய்துகொள்ளும்.

அம்புக்குறி நோக்கத்தோடு நகர்ந்தால்தான் கவலை. கோப்புறையைத் திறக்கிறது, வங்கிப் பக்கத்தில் எதையோ தேடுகிறது என்றால் யாரோ தொலைவிலிருந்து இயக்குகிறார்கள். "வாடிக்கையாளர் சேவை மையத்திலிருந்து பேசுகிறோம்" என்று சொன்னவர் பேச்சைக் கேட்டு எனிடெஸ்க் போன்ற தொலை இயக்கச் செயலி எதையாவது நிறுவினீர்களா என்று யோசியுங்கள். அந்தச் செயலிகள் தம்மளவில் நல்லவை. தவறான கையில் கொடுத்ததுதான் ஆபத்து. வைஃபையை அணையுங்கள் அல்லது இணைய வயரைப் பிடுங்குங்கள். வேறொரு கருவியிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

லேப்டாப்பை சார்ஜில் போட்டால் மட்டும் டச்பேட் பைத்தியம் பிடித்ததுபோல ஆடுகிறது.

சார்ஜர் வயரைப் பிடுங்கியதும் சரியாகிறதா? அப்படியானால் எர்த்தைப் பாருங்கள். டச்பேட் உங்கள் விரலால் ஏற்படும் மிகச் சிறிய மின்னேற்ற மாற்றத்தை அளந்துதான் வேலை செய்கிறது. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டர் வழியாகச் செருகினாலோ, சுவரில் உள்ள சாக்கெட்டில் எர்த் இணைப்பே இல்லாவிட்டாலோ, சார்ஜரின் இரைச்சல் லேப்டாப்பின் உடலெங்கும் பரவி அந்த அளவீட்டைக் கெடுக்கிறது. உலோக உடல் கொண்ட லேப்டாப்பைத் தடவும்போது விர்ரென்று ஒரு கூச்சம் தெரிவதும் இதனால்தான். எர்த் உள்ள சாக்கெட்டுக்கு மாற்றுங்கள். வீடு முழுவதும் இப்படித்தான் என்றால் எலக்ட்ரீஷியனை அழைப்பது மவுஸைவிடப் பெரிய காரணங்களுக்காகவே அவசியம்.

வயரை ஒரு கோணத்தில் பிடித்தால் மட்டும் ஓடுகிறது.

உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. கணினி, சாதனம் இணைந்தது, பிரிந்தது என்று மாறி மாறி 'டிங் டொங்' ஒலி எழுப்பினால் சந்தேகமே வேண்டாம். பெரும்பாலும் மவுஸின் மூக்கிலிருந்து வயர் வெளிவரும் இடத்தில்தான் அறும். பயன்படுத்தி முடித்ததும் வயரை மவுஸைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைக்கும் பழக்கம் இதை விரைவுபடுத்தும். அறுந்த இடத்துக்கு அப்பால் வெட்டி மீண்டும் சால்டர் செய்யலாம். யு.எஸ்.பி. முறைப்படி சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்டு, வெள்ளையும் பச்சையும் தகவல். ஆனால் மலிவான மவுஸ்களில் இந்த நிற ஒழுங்கை எதிர்பார்க்காதீர்கள். மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொன்றாக உறுதிசெய்துவிட்டு இணையுங்கள்.

டிரைவர் சிடி தொலைந்துவிட்டது. ஃபார்மேட் செய்தால்தான் சரியாகும் என்று கடையில் சொல்கிறார்கள்.

சாதாரண மவுஸுக்கு சிடி தேவையே இல்லை. டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் விசையும் எக்ஸும் அழுத்தி, எம் தட்டினால் டிவைஸ் மேனேஜர் திறக்கும். மவுஸ் பிரிவில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் அந்தச் சாதனத்தை அன்இன்ஸ்டால் செய்து கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸ் அதை மீண்டும் தானாகவே கண்டுபிடித்து நிறுவிக்கொள்ளும்.

அதன்பின்னும் ஓடவில்லை என்றால், கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் செல்லுங்கள். புதிய கணினிகள் பலவற்றில் அங்கே மவுஸ் இயங்கும். அங்கே ஓடி விண்டோஸில் ஓடாவிட்டால் மட்டுமே மென்பொருளைச் சந்தேகிக்க இடமுண்டு. அப்போதும் ஃபார்மேட் கடைசிப் படிதான், முதல் படி அல்ல. தேய்ந்த ஸ்விட்சுக்கும் அறுந்த வயருக்கும் ஃபார்மேட் செய்து கூலி வாங்குவது எந்த வகை நியாயம் என்று கேட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

திடீரென்று அம்புக்குறி பறக்கிறது, அல்லது ஊர்கிறது.

சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சிறு பட்டன் இருக்கிறதா? அது வேக பட்டன். கை பட்டிருக்கும். மீண்டும் ஓரிரு முறை அழுத்துங்கள்.

பழைய கணினியில் பச்சை நிற வட்டத் துளை மவுஸ். கழற்றி மாட்டிய பிறகு ஓடவில்லை.

பி.எஸ்.2 வகை. கணினி ஓடும்போது கழற்றக் கூடாது. அணைத்து, மாட்டி, மறுபடி இயக்குங்கள்.

மவுஸ்மீது டீ கொட்டிவிட்டது.

உடனே பிடுங்குங்கள், பேட்டரி இருந்தால் கழற்றுங்கள். வெறும் தண்ணீரானால் உலரவைத்தால் போதும். டீயிலும் காபியிலும் சர்க்கரை இருக்கிறது. உலர்ந்தபின் பட்டன் ஒட்டிக்கொள்ளும், மறுநாள் எறும்பு வரிசை கட்டும். திறந்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் பலகையையும் ஸ்விட்சுகளின் மேற்புறத்தையும் துடையுங்கள். வெயிலில் காயப்போட வேண்டாம். மின்விசிறிக் காற்றில் ஒருநாள் கிடக்கட்டும்.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

முந்நூறு, நானூறு ரூபாய் வயர் மவுஸுக்குச் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூலி கொடுத்துப் பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது. இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கியதாக இருந்தால் ஸ்விட்ச் மாற்றுவது நிச்சயம் லாபம். உங்களுக்கே சால்டரிங் தெரியும் என்றால் விலையைப் பார்க்கவே வேண்டாம்.

புதிதாக வாங்கும்போது பெட்டியைக் கடையிலேயே திறக்கச் சொல்லுங்கள். கையில் பிடித்து, சக்கரத்தை உருட்டி, இரு பட்டன்களையும் அழுத்திப் பாருங்கள். உள்ளங்கைக்குப் பொருந்தாத மவுஸ் எத்தனை நட்சத்திரம் பெற்றிருந்தாலும் மணிக்கட்டு வலிக்கும். பில்லில் மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள், உத்தரவாதத்துக்கு அதுதான் சான்று.

செத்த மவுஸைக் குப்பையில் போடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மீது வைத்திருக்கின்றன. நிறுவனங்களின் சேகரிப்பு மையங்களிலோ பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைக்கலாம். கொடுக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கணினியில் செருகிக் கிடக்கும் டாங்கிளையும் மறக்காமல் எடுத்துச் சேர்த்துக் கொடுங்கள்.